அமெரிக்க கவுன்டி மேரேஜ் லைசென்ஸ் ஆவணங்கள்: தேடுவது, வாங்குவது, எங்கே சிக்கும்? நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவில் நடந்த ஒரு திருமணத்தின் ஆவணத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மண்டபம் இருந்த ஊரிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கேதான் தேடல் தடம் புரள்கிறது. கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா கவுன்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) லைசென்ஸ், அதாவது கல்யாணத்துக்கு முன் வாங்கும் அரசு அனுமதி, எடுத்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் தாலி கட்டினால், ஆவணம் சான்டா கிளாராவில்தான் இருக்கும். டெக்சாஸிலும் அப்படித்தான்: லைசென்ஸ் கொடுத்த கவுன்டிக்கே அது திரும்பிப் போய்ப் பதிவாகிறது. நியூ ஜெர்சி இதற்கு விலக்கு, அங்கே சடங்கு நடந்த ஊரின் ரெஜிஸ்ட்ராரிடம் பதிவு போகும். ஆகவே லைசென்ஸ் எங்கே எடுக்கப்பட்டது, அந்த மாநிலத்தின் வழக்கம் என்ன, இந்த இரண்டையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த குழப்பம், எந்த அலுவலகம் என்பது. எல்லா இடத்திலும் கவுன்டி கிளர்க் என்று நினைத்துவிடக் கூடாது. டெக்சாஸ், இல்லினாய் மாநிலங்களில் கவுன்டி கிளர்க்; ஒஹையோ, ஜார்ஜியாவில் புரோபேட் நீதிமன்றம்; வட கரோலைனாவில் பத்திரப் பதிவாளர்; வாஷிங்டன் மாநிலத்தில் கவுன்டி ஆடிட்டர்; ஃபுளோரிடாவில் சர்க்யூட் நீதிமன்ற கிளர்க். பென்சில்வேனியாவில் உயில்களைக் கவனிக்கும் அலுவலகத்தின் பக்கம் போய் 'ஆர்ஃபன்ஸ் கோர்ட்' கிளர்க்கைக் கேட்க வேண்டும். நியூ யார்க் மாநிலத்தில் டவுன் அல்லது சிட்டி கிளர்க். கலிஃபோர்னியாவில் லைசென்ஸைக் கொடுப்பது கிளர்க், திரும்பி வந்ததைப் பதிவு செய்து வைத்திருப்பது ரெக்கார்டர். அங்கே 'கான்ஃபிடென்ஷியல்' லைசென்ஸ் என்று ஒன்றும் உண்டு. அது கிளர்க்கிடமே இருக்கும், தம்பதி தவிர வேறு யாருக்கும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நகல் கிடைக்காது. பொது இன்டெக்ஸில் (பெயர்ப் பட்டியலில்) பெயர் வரவில்லை என்றால் இந்தச் சாத்தியத்தையும் யோசியுங்கள்.

மாநிலத் தலைமை அலுவலகத்துக்கே எழுதிவிடலாமே என்று தோன்றும். பல மாநிலங்களில் அது வீண் அலைச்சல். டெக்சாஸ் மாநில அலுவலகம் தருவது 1966 முதலான திருமணங்களுக்கு ஒரு சரிபார்ப்புக் கடிதம் மட்டுமே, சர்ட்டிஃபைட் காப்பி வேண்டுமானால் கவுன்டிக்குத்தான் போக வேண்டும். இல்லினாயிலும் 1962 முதல் இதே கதை. பென்சில்வேனியா மாநில அலுவலகம் திருமண ஆவணமே தருவதில்லை. ஃபுளோரிடாவில் வசதி உண்டு: 1927 ஜூன் 6 முதலான திருமணங்களுக்கு மாநில அலுவலகத்திலேயே நகல் வாங்கலாம்.

பழைய ஆவணங்களைப் பொறுத்தவரை வம்ச ஆராய்ச்சிக்கான ஃபேமிலிசர்ச் தளத்துக்கு இணை இன்னும் வரவில்லை. கணக்கு இலவசம். டெக்சாஸ், பென்சில்வேனியா, ஒஹையோ, வாஷிங்டன் எனக் கவுன்டி வாரியான திருமணத் தொகுப்புகள் அங்கே இருக்கின்றன. ஆனால் பெயரைத் தட்டித் தேடி, 'இல்லை' என்று வந்ததும் விட்டுவிடுவது தவறு. கேட்டலாக் பகுதியில் மாநிலம், கவுன்டி என்று இறங்கிப் பாருங்கள். இன்டெக்ஸ் செய்யப்படாத, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டிய படங்கள் ஏராளமாகக் கிடக்கும். கேமரா படத்தின் மேல் சாவி இருந்தால், அந்தப் படங்களை ஃபேமிலிசர்ச் மையத்திலோ இணைந்த நூலகத்திலோதான் பார்க்க முடியும் என்று அர்த்தமாகலாம். 2024-இல் அறிமுகமான முழு உரைத் தேடல் கையெழுத்துப் பக்கங்களையும் ஓரளவு படிக்கிறது. மணமகன், மணமகள் பெயரில் சிக்காதவர்கள் சில நேரம் சாட்சியின் பெயரில் சிக்குகிறார்கள்.

பென்சில்வேனியாவின் பழைய இன்டெக்ஸ் புத்தகங்கள் புதியவர்களை மிரட்டிவிடும், ஏனென்றால் அவை அகரவரிசையில் இல்லை. 'ரஸ்ஸல் இன்டெக்ஸ்' எனப்படும் அந்த முறையில் எல், எம், என், ஆர், டி (L, M, N, R, T) என்று ஐந்து திறவு எழுத்துகள். குடும்பப் பெயரின் முதல் எழுத்தைத் தள்ளிவிட்டு, ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடுத்து வரும் முதல் திறவு எழுத்தைப் பிடிக்க வேண்டும். சிங் என்றால் எஸ் பகுதியில் 'என்' நெடுவரிசை. குமார் என்றால் கே பகுதியில் 'எம்'. ஐந்தில் ஒன்றும் வராத பெயர்களுக்குக் கடைசியில் தனி வரிசை. பகுதியின் முன்பக்கத்தில் உள்ள கட்டத்தில், இட்ட பெயரின் முதல் எழுத்து ஒரு பக்கம், திறவு எழுத்து மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்திலுள்ள எண்தான் புரட்ட வேண்டிய பக்கம். அங்கே கிடைக்கும் லைசென்ஸ் எண்ணையோ தொகுதி, பக்க எண்ணையோ அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் அலுவலகத்தில் வேலை நிமிடத்தில் முடியும்.

இன்டெக்ஸ் கிடைத்ததோடு நிறுத்துகிறவர்கள் பாதிப் புதையலை விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பம், லைசென்ஸ், சடங்கு முடிந்து திரும்பிய பகுதி என மூன்று அடுக்குகள் உண்டு. பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தொழில் எல்லாம் பெரும்பாலும் விண்ணப்பத்தில்தான் இருக்கும். நியூ யார்க் நகரத்தில் 1908-இல் தொடங்கும் லைசென்ஸ் கோப்பில் பிரமாணப் பத்திரம், லைசென்ஸ், சான்றிதழ் மூன்றும் சேர்ந்தே வரும். கடிதம் எழுதும்போது 'விண்ணப்பம் உட்பட முழுக் கோப்பின் நகல்' என்று கேட்காவிட்டால் ஒற்றைப் பக்கச் சான்றிதழ்தான் வரும். தென் மாநிலங்களில் வேறு விஷயங்கள். வட கரோலைனாவில் 1868-க்கு முன்பு இருந்தவை திருமணப் பிணைப் பத்திரங்கள். அவை நோக்கத்தைச் சொல்கின்றனவே தவிர, திருமணம் நடந்ததற்குச் சாட்சி ஆகா. கறுப்பின மக்களின் திருமணங்களுக்குத் தனிப் பதிவேடு வைத்திருந்த கவுன்டிகளும் பல. ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள்.

ஏன் எதிர்பாராத கவுன்டியில் ஆவணம் கிடைக்கிறது? சட்டம்தான் காரணம். கலிஃபோர்னியா 1927-இல் மூன்று நாள் காத்திருப்பு விதி கொண்டுவந்ததும் ஜோடிகள் அரிசோனாவின் யூமாவுக்கும் நெவாடாவுக்கும் போனார்கள். கிழக்கே மேரிலண்டின் எல்க்டன், 1938-இல் 48 மணிநேர விதி வரும் வரை, அவசரக் கல்யாணங்களுக்குப் பேர்போனது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த பஞ்சாபியர்களின் நிலைமை இன்னும் கொடுமை. கலிஃபோர்னியாவின் கலப்புத் திருமணத் தடையைக் காட்டி சில கிளர்க்குகள் லைசென்ஸ் மறுத்தார்கள், சிலர் கொடுத்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் யூமாவுக்கும், நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் வரைக்கும் போய் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தார்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை 1948-இல்தான் தகர்த்தது. இந்தக் குடும்பங்களைத் தேடும்போது மணமகன் இன்டெக்ஸில் 'சிங்' வரிசை முடிவே இல்லாமல் நீளும். மணமகள் இன்டெக்ஸில் ஸ்பானியப் பெயரைத் தேடுங்கள், வழி அங்கேதான் திறக்கும். இம்பீரியல் கவுன்டியே 1907-இல்தான் சான் டியேகோவிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தையவை சான் டியேகோவில். எல்லை மாற்றங்களுக்கு நியூபெரி நூலகத்தின் கவுன்டி எல்லை அட்லஸை நம்பலாம். சிகாகோ இருக்கும் குக் கவுன்டியில் 1871 தீவிபத்துக்கு முந்தையவை எரிந்துபோயின. அந்தக் காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி.

தமிழ்ப் பெயர்கள் இன்றைய இன்டெக்ஸிலும் படாதபாடு படுத்துகின்றன. இனிஷியல் மட்டும் உள்ளவருக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும், அல்லது இட்ட பெயரே அந்த இடத்தில் ஏறியிருக்கும். சில நேரம் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், முதல் பெயர் தெரியவில்லை) என்று இருக்கும். இருவரில் யார் பெயர் எளிமையோ அவர் பெயரிலும், பெயர்களை முன்பின் மாற்றியும் தேடுங்கள்.

சமீபத்திய ஆவணத்துக்குத் தபாலில் எழுதுவதாக இருந்தால் வேண்டியவை: திருமணத்துக்கு முந்தைய இருவர் பெயர்கள், தேதி அல்லது ஆண்டு வரம்பு, லைசென்ஸ் எண், அடையாள அட்டை நகல், கட்டணத்துக்கு மணி ஆர்டர், சுயமுகவரியிட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறை. கலிஃபோர்னியாவில் 'ஆதரைஸ்டு' நகலுக்கு நோட்டரி முத்திரையுடன் உறுதிமொழி வேண்டும். வம்ச ஆராய்ச்சிக்கு என்றால் 'இன்ஃபர்மேஷனல்' நகலே போதும், அதற்கு நோட்டரி தேவையில்லை. ஆனால் அடையாளத்துக்குச் செல்லாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். குடியேற்ற வேலைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுகிற தனியார் தளங்கள் பல, உங்கள் விண்ணப்பத்தை வாங்கிக் கவுன்டிக்கு அனுப்ப மட்டுமே பணம் பிடுங்குகின்றன. கவுன்டியின் அரசுத் தளத்துக்குள் போய், அங்கே கொடுத்திருக்கும் இணைப்பு வழியாக மட்டும் கட்டுங்கள்.

இந்தியாவில் காட்ட வேண்டுமானால் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு இணைத்துத் தரும் சான்று, அவசியம். துணைவர் அடிப்படையில் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை) கேட்கிறவர்கள், பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். அப்போஸ்டிலை ஆவணம் பிறந்த மாநிலம்தான் தரும். டெக்சாஸில் மணம் முடித்து இப்போது நியூ ஜெர்சியில் இருப்பவர் அந்த மாநிலத் தலைநகர் ட்ரென்டனுக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும், டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினுக்கே அனுப்ப வேண்டும். கலிஃபோர்னியாவில் கட்டணம் 20 டாலர், டெக்சாஸில் 15. நியூ யார்க் நகரச் சான்றிதழ் என்றால் 'எக்ஸ்டெண்டட்' வடிவம் கேளுங்கள். அதை முதலில் நியூ யார்க் கவுன்டி கிளர்க்கிடமும் பிறகு மாநில அலுவலகத்திடமும் காட்ட வேண்டும். சடங்கு நடத்தியவர் தரும் அலங்காரச் சான்றிதழுக்கோ, நோட்டரி போட்ட ஜெராக்ஸுக்கோ அப்போஸ்டில் கிடைக்காது. லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டி வந்த ஸ்டேபிளை ஸ்கேன் செய்வதற்காகக்கூடக் கழற்றாதீர்கள். எப்போதும் இரண்டு சர்ட்டிஃபைட் காப்பி வாங்கினால் ஒன்று அப்போஸ்டிலோடு போனாலும் ஒன்று வீட்டில் இருக்கும்.

ஆவணமே பதிவாகாமல் போவதும் உண்டு. சடங்கு நடத்தியவர் கையெழுத்திட்ட லைசென்ஸைக் கலிஃபோர்னியாவில் 10 நாளுக்குள்ளும், டெக்சாஸில் 30 நாளுக்குள்ளும் திருப்ப வேண்டும். கோயில் அர்ச்சகரோ அதற்கென்று அனுமதி வாங்கிய நண்பரோ பையிலேயே வைத்து மறந்தால் கவுன்டியில் திருமணம் பதிவாகியிருக்காது. கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்துக்குள் டூப்ளிகேட் லைசென்ஸ் வாங்கி இதைச் சரிசெய்யலாம், அதற்கு மேல் போனால் குடியிருக்கும் கவுன்டியின் கிளர்க்கிடம் 'டிக்ளரேஷன் ஆஃப் மேரேஜ்' லைசென்ஸ் வாங்க வேண்டும். கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதமே ரெக்கார்டருக்கு ஒரு போன் போட்டு, பதிவு ஏறிவிட்டதா, பெயர்களின் எழுத்துக்கூட்டல் சரியா என்று கேட்டுவிடுங்கள்.