எழுத்துத் தொடர்: இருபத்தாறையும் எழுதுவதா, இஜோட்டியா?

போட்டித் தேர்வின் எழுத்துத் தொடர் கேள்விகளுக்குப் பயிற்சி எடுக்கும்போது, ரஃப் தாளில் ஏ முதல் இசட் வரை எழுதி, கீழே 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டுத்தான் முதல் கேள்விக்கே வருவேன். அப்படியே பல மாதம் ஓட்டினேன்.

ஏ, சி, எஃப், ஜே, ஓ, அடுத்து என்ன? வரிசை கையில் இருந்தால் விரல் வைத்து எண்ணலாம். தப்பாது, ஆனால் நகராது. இஜோட்டி (EJOTY) என்பது ஐந்தைந்தாகத் தாண்டினால் வரும் எழுத்துகளைச் சேர்த்த நினைவுச் சொல். அது தெரிந்தவருக்கு எழுதும் வேலையே இல்லை. இ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. மற்ற எழுத்துகள் இவற்றுக்கு ஒன்றிரண்டு தள்ளி நிற்பவை. எஃப் என்றால் இ-க்கு அடுத்தது, 6. (தமிழில் எழுதினால் பி-யும் டி-யும் இரண்டிரண்டு வருகின்றன. இங்கே 20 என்றது பின்னால் வரும் டி.) ஆக 1, 3, 6, 10, 15. இடைவெளி 2, 3, 4, 5. அடுத்து 6 கூட்டினால் 21, யு.

மூன்றாவது வழி எதிரெழுத்து: முன்னாலிருந்து ஓர் எழுத்து, பின்னாலிருந்து அதே இடத்தில் உள்ள எழுத்து, ஏ-இசட் போல ஒரு ஜோடி. ஜோடி எழுத்துகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 27. ஹெச்-எஸ் ஹை ஸ்கூல், ஐ-ஆர் இந்தியன் ரயில்வே என்று பதிமூன்று ஜோடியையும் நெட்டுருப் போடுவார்கள்.

ஏ, இசட், சி, எக்ஸ், இ, வி என்று வந்தால்தான் இதன் அருமை தெரியும். இஜோட்டிக்காரர் 1, 26, 3, 24, 5, 22 என்று மாற்றி வித்தியாசம் எடுப்பார்: +25, −23, +21, −19, +17. அடுத்து −15, அதாவது 7, ஜி. விடை சரிதான், சுற்று வழி. ஜோடி தெரிந்தவர் பார்த்ததுமே ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடித்து ஏ, சி, இ, ஜி என்று முடித்துவிடுவார்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்துக்கு 100 கேள்வி, தப்புக்கு அரை மதிப்பெண் போகும். அங்கே வரிசை எழுதுவது கட்டுப்படியாகாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் 3 மணி நேரத்துக்கு 200 கேள்வி, தப்புக்குக் கழிப்பதில்லை. ஒருமுறை எழுதிய வரிசை, சொல்லின் எழுத்துகளை மாற்றிக் கேட்கும் குறியீட்டுக் கேள்விகளுக்கும் உதவும், எழுதிக்கொள்ளலாம். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் இஜோட்டி என்பேன். ஜோடிகள் அப்புறம்.

முதல் தொடரையே இன்னும் ஒரு படி நீட்டிப் பாருங்கள். 21-உடன் 7 சேர்த்தால் 28. வரிசை எழுதியவரின் விரல் இசட்டில் முட்டி நிற்கும். எண் தெரிந்தவர், இசட்டுக்குப் பின் மறுபடி ஏ என்று 26-ஐக் கழித்து 2 என்பார்: முன்னால் வரும் பி.