மஃபாத்தில் மூன்று நாள்: 60 லிட்டர் பையா, 30 லிட்டரா?

ரீயூனியன் தீவின் மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலை கிடையாது. அங்கே குடியிருப்பவர்களுக்கான சரக்கே ஹெலிகாப்டரில்தான் வருகிறது. எனவே சக்கரப் பெட்டி விமான நிலையத்தோடு சரி. மொரீஷியஸிலிருந்து வரும் நம்மவர்கள் யோசிக்க வேண்டியது முதுகுப்பையின் அளவைத்தான். லா நூவெலில் ஓர் இரவு, மார்லாவில் ஓர் இரவு, பிறகு 2,081 மீட்டர் உயரமுள்ள தைபித் கணவாயைத் தாண்டி சிலாவோஸ் பக்கம் இறங்குவது என்று வைத்துக்கொள்வோம்.

60 லிட்டர் பை வெறுமனே 2 கிலோ இருக்கும். கூடாரம் 2, தூக்கப்பை 1, பாய் அரை, அடுப்பும் பாத்திரமும் முக்கால், சாப்பாடு 2, துணி 2, தண்ணீர் 2, சில்லறைச் சாமான் 1 என்று சேர்த்தால் 13 கிலோவைத் தாண்டும். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்றவும் முடியாது, ரீயூனியனில்தான் வாங்கவேண்டும். இடம் மிச்சமிருந்தால் முறுக்கு டப்பாவும் ஊறுகாய் பாட்டிலும் தாமாக உள்ளே போய்விடும். அந்தக் கனம் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்காலை வாட்டும்.

30 லிட்டர் பையில் ஆறரை கிலோ போதும்: பை 1, துணி ஒன்றரை, மழைக்கோட்டு அரை, தண்ணீர் 2, தின்பண்டம் முக்கால், மருந்து, டார்ச், விரிப்பு எல்லாம் சேர்ந்து முக்கால். இது எப்படிச் சாத்தியம்? 'ஜீத்' என்னும் மலை விடுதிகளில் படுக்கையும் கம்பளியும் உண்டு. இரவில் சோறு, பருப்பு, கறி, ருகாய் என்னும் காரமான தொடுகறி கிடைக்கும். ஊறுகாய் தேடவே தேவையில்லை. சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அங்கே ஏ.டி.எம். இல்லை, ரொக்கம் வேண்டும்.

எங்கள் தேர்வு 30தான். கூடாரம் அடித்தே தீருவேன் என்பவருக்கு மட்டும் 60.

எந்தப் பையானாலும் துணி இரண்டே செட்: நடக்க ஒன்று, இரவுக்கு நனையாத ஒன்று. ஜூலை, ஆகஸ்ட் இரவுகள் குளிரும், ஒரு கம்பளிச் சட்டை அவசியம். பருத்தி வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் அந்த ஈரக்காற்றில் மறுநாளும் காயாது. மழையுறை மட்டும் போதாது, முதுகுப்பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைப் போட்டு அதற்குள் துணியை வையுங்கள். கனமானவை முதுகை ஒட்டி, தோள்பட்டை மட்டத்தில் இருக்கட்டும். இடுப்பு வாரை முதலில் இறுக்கி, தோள் வாரைப் பிறகு இழுங்கள்.

கட்டி முடித்ததும் பையோடு வீட்டுப் படிக்கட்டில் பத்து முறை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது முழங்கால் வலித்தால் முதலில் வெளியே எடுக்கவேண்டியது அந்த ஜீன்ஸ்.