வீட்டில் மொபைல் நெட் திணறுகிறதா? சிம், ரவுட்டர், ஏர்ஃபைபர், ஃபைபர்: எதற்குக் காசு போடலாம்?

நெட் ஸ்லோ என்று வாயைத் திறந்தால் போதும், 'சிம்மை மாத்திடு' என்பார் ஒருவர். இன்னொருவர், டவரிலிருந்து வீட்டுக்கு நெட் தரும் ஏர்ஃபைபரைப் போடச் சொல்வார். மூன்றாமவர் ஆன்லைனில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் கிடைக்கிறதே என்பார். எதைக் கேட்பது என்று முடிவெடுப்பதற்கு முன், கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். டவர் சிக்னல் சுவரைத் தாண்டி உள்ளே வரவில்லை. அல்லது சிக்னல் நன்றாகவே வருகிறது, ஆனால் தெரு முழுக்க அதே டவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முதல் கோளாறுக்கான செலவு இரண்டாவதைச் சரிசெய்யாது. பலர் காசை விடுவது இங்கேதான்.

கண்டுபிடிக்கச் செலவில்லை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் 'அபவுட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' பாருங்கள். சிக்னல் வலிமை மைனஸ் எண்ணில் டிபிஎம் கணக்கில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டினால் அந்த அறையில் உட்கார்ந்து வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். மேலே தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனி போனும் அதைத் தன் இஷ்டத்துக்குப் போடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 10 எண் வித்தியாசம் என்றால் சிக்னல் பத்து மடங்கு வித்தியாசம். கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் கீழ்த்தள அடுப்படிக்கும் மொட்டை மாடிக்கும் 20 எண் வித்தியாசம் வருவது சாதாரணம். அதாவது நூறு மடங்கு.

அடுத்து ஒரே இடத்தில் வைத்து விடியற்காலையில் ஒரு ஸ்பீடு டெஸ்ட், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு ஆப்பே போதும். காலையில் 40 எம்பிபிஎஸ், ராத்திரி 3 என்று வந்தால் அது டவர் நெரிசல். இரண்டு நேரமும் 3 என்றால் சிக்னல் கோளாறு. இன்னொன்றும் உண்டு: தினசரி டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் டவரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சிக்னல் கோளாறு என்றால் முதலில் செய்ய வேண்டியது 5ஜியை அணைத்துப் பார்ப்பது. நம் நாட்டில் 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அந்த அலை சுவரில் மோதியதும் சோர்ந்துவிடும். போன் என்னவோ 5ஜி என்று காட்டியபடி அந்த நூலிழைச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு விடாது. 4ஜிக்கு மாற்றினால் சில வீடுகளில் வேகம் கூடும். 4ஜி ஓடும் 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவருக்குள் எளிதாகப் புகும். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது ஜியோ மட்டும்தான், அதனால் அதன் 5ஜி சில வீடுகளில் உள்ளே வரைக்கும் வரும். பிஎஸ்என்எல் 4ஜியும் 700-ல் இருக்கிறது. ஆனால் பழைய போன்கள் பலவற்றில் அந்த பேண்ட், அதாவது அந்த அலைவரிசை இருக்காது, சிம் வாங்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சிம் மாற்றுவது. செலவு குறைவு, நெரிசலுக்கும் சிக்னலுக்கும் இரண்டுக்குமே பலன் தரக்கூடியது. ஆனால் இது குருட்டாம்போக்கில் செய்யும் காரியம் அல்ல. ஊருக்கு நல்ல நெட்வொர்க் என்று ஒன்றும் கிடையாது, தெருவுக்குத்தான் உண்டு. அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போவதுதான் போர்ட். 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டால் கோட் வந்துவிடும், அந்தக் கோட் நான்கு நாள் செல்லுபடியாகும், நம்பர் புதுக் கம்பெனிக்கு மாறுவதும் சில நாளில் முடிந்துவிடும். போன இடம் பிடிக்கவில்லை என்றால் 90 நாள் அங்கேயே கிடக்க வேண்டும். அதனால் போர்ட் செய்யாதீர்கள், முதலில் அந்தக் கம்பெனியின் புது சிம் ஒன்றை வாங்கி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, குறைந்த ரீசார்ஜில் ஒரு மாதம் ஓட்டுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளியின் போனை வாங்கி அடுப்படியில் ஒரு டெஸ்ட் போட்டால் அந்தச் செலவும் மிச்சம்.

சிம்மைப் போட்டால் வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டியான சிம் ரவுட்டர், பலருக்கும் கண்ணில் படாத வழி. சிக்னல் கோளாறுக்கு என் ஓட்டு இதற்குத்தான். 4ஜி ரவுட்டர் 3,000 ரூபாய் பக்கம் கிடைக்கும், 5ஜி என்றால் விலை பல மடங்கு. அதன் பலம் ஆன்டெனாவில் இல்லை, வைக்கும் இடத்தில் இருக்கிறது. போனைக் கையோடு அடுப்படிக்கு எடுத்துப் போகிறோம், ரவுட்டரை மாடியில் டவரைப் பார்த்த ஜன்னலில் வைத்துவிடலாம். மேலே வாங்கிய சிக்னலை வைஃபை கீழே கொண்டுவரும்.

இதில் நிறையப் பேர் சறுக்குவது கேபிளில். ரவுட்டரைக் கீழே ஹாலில் வைத்து, மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டு, நடுவே நீள ஆன்டெனா கேபிள் இழுப்பார்கள். மேலே பிடித்த சிக்னலில் பெரும்பங்கை அந்தக் கேபிளே தின்றுவிடும். தலைகீழாகச் செய்யுங்கள். ரவுட்டர் மேலே, அங்கிருந்து கீழே லேன் கேபிள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுவரும். கீழே முனையில் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் தகர ஷீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் வெந்துபோகும். மாடிப்படி முடியும் இடத்துக் கூண்டுக்குள், தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தால் சரி. பழைய போனை இப்படி ஜன்னலில் வைத்து ஹாட்ஸ்பாட் ஆக்கிச் சோதித்துப் பார்க்கலாம். நிரந்தரமாக விட்டால் ராப்பகலாகச் சார்ஜில் கிடந்து பேட்டரி உப்பிவிடும்.

ரவுட்டரின் குறை டேட்டா. தினம் 2 ஜிபி என்பது ஒரு போனுக்கான கணக்கு. டிவியில் ஃபுல் எச்டி வீடியோவை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கே 2 ஜிபிக்கு மேல் காலி. அன்லிமிடெட் 5ஜி என்ற சலுகை 4ஜி ரவுட்டருக்கு ஒத்துவராது. ஆக, வாட்ஸ்அப், பிள்ளைகளின் பாடம், கொஞ்சம் யூடியூப் என்று இருக்கும் வீட்டுக்கு ரவுட்டர். மாலை முழுக்க டிவியில் ஓடிடி என்றால் அடுத்த இரண்டில் ஒன்று.

ஏர்ஃபைபரும் மாடியில் வைக்கும் 5ஜி பெட்டிதான். கம்பெனி ஆளே வந்து டவரைப் பார்த்துப் பொருத்திவிட்டுப் போவார், டேட்டாவும் தாராளம். 2023 செப்டம்பரில் ஜியோ இதைச் சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் தொடங்கியபோது 599 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், மாதம் 1,000 ஜிபி. விளம்பரத்தில் பார்க்கும் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறும், 599 என்றால் கையிலிருந்து போவது 707. பெயரில் ஃபைபர் இருக்கிறதே தவிர, வருவது டவரிலிருந்துதான். அதனால் ராத்திரி ஒன்பது மணி நெரிசலில் சிக்கிய தெருவுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அதே தெருவில் ஏற்கெனவே போட்டிருப்பவரிடம், காலையில் அல்ல, ராத்திரியில் போய்க் கேளுங்கள்.

நெரிசலுக்கு உண்மையான விடை ஃபைபர். வீட்டு வாசல் வரை கம்பி வந்தால் டவர் எப்படிப் போனால் என்ன? பெரிய கம்பெனிகள் எட்டாத ஊர்களில்கூட பிஎஸ்என்எல் ஃபைபரை உள்ளூர்க் கேபிள்காரர்கள் இழுத்துத் தருகிறார்கள். கம்பெனி பெயரைவிட அந்தக் கேபிள்காரர் எப்படிப்பட்டவர் என்பதுதான் முக்கியம். பள்ளம் தோண்டும் ஜேசிபி கம்பியை அறுத்துவிட்டால் அன்றைக்கே ஒட்டிக் கொடுப்பாரா, போனையே எடுக்க மாட்டாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கரண்ட் போனால் மோடம் அணைந்துவிடும், அதற்கு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று போதும். வாடகை வீட்டுக்காரர்கள் சுவரில் ஓட்டை போட வீட்டு ஓனரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஏர்ஃபைபருக்கும் அந்தச் சிக்கல் உண்டு.

பூஸ்டரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தனியார் ஆட்கள் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. உங்கள் வீட்டில் கோடு கூடும், அதே டவரைப் பயன்படுத்தும் பக்கத்துத் தெருவுக்கு இரைச்சல் போகும். அதிகாரிகள் கருவி வைத்துத் தேடி வந்தால் பறிமுதல்தான். நெரிசலுக்கு அது துளியும் உதவாது.

பூஸ்டரைத் தேடுபவர்களில் பலருக்கு நெட் பிரச்சினையே இல்லை, வீட்டுக்குள் போனில் பேசினால் சரியாகக் கேட்பதில்லை என்பதுதான் குறை. வாசலுக்கு ஓடிப்போய்ப் பேசுகிறவர்கள். ஃபைபரோ ஏர்ஃபைபரோ வந்துவிட்டால் போன் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் 'வைஃபை காலிங்' என்பதை ஆன் செய்யுங்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. டவர் துளியும் எட்டாத பின்கட்டு அறையில் உட்கார்ந்துகொண்டும் அதே நம்பரில் பேசலாம்.