"கான்ட்ராஸ்ட் அலர்ஜி" என்ற இரண்டு சொற்களை நம்பி ஊசிக்குக் கை நீட்டாதீர்கள்

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு என் இடக்கையில் நிணநீர் வீக்கம் தங்கிவிட்டது. நிணநீர் நாளத்தை நுண்சிரையோடு இணைக்கும் அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் நாளங்களைப் படமெடுக்கச் சென்ற அன்று எனக்கு நேர்ந்ததை, அதே பரிசோதனைக்குச் செல்லவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

புற்றுநோய் அறுவையின்போது, அக்குளில் முதலில் பரிசோதிக்க வேண்டிய நிணநீர்க் கணுவைக் கண்டறியச் செலுத்திய சாயம் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் உடலெங்கும் தடித்துப் போனது. மயக்கத்தில் இருந்ததால் அந்தச் சாயத்தின் நிறம்கூட எனக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "கான்ட்ராஸ்ட் அலர்ஜி" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கான்ட்ராஸ்ட் என்பது, உடலின் உட்பகுதி படத்தில் தெளிவாகத் தெரியச் செலுத்தும் மருந்துகளுக்கான பொதுப்பெயர். எந்த மருந்து, எத்தனை நிமிடத்தில், எவ்வளவு கடுமையாக என்று ஒரு சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை, அது என் தவறு.

படமெடுக்கும் இடத்தில் அந்தத் தாளைக் கொடுத்தேன். கடலுணவு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். கடலுணவு ஒவ்வாமைக்கும் கான்ட்ராஸ்ட் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை என்பது எப்போதோ தெளிவான விஷயம். ஆயினும் அந்தக் கேள்வி இன்னும் படிவங்களில் வாழ்கிறது. கான்ட்ராஸ்ட் என்றாலே அயோடின்தான் என்று அவர்களாகவே பொருள் கொண்டு, சிறிதளவு சோடியம் அயோடைடு கலந்திருக்கும் இண்டோசயனின் கிரீன் என்னும் பச்சைச் சாயத்தைத் தவிர்த்துவிட்டு, பேடன்ட் புளூ என்னும் நீலச் சாயத்தை எடுத்தார்கள். ஊசிக்குழாயில் நீலம் தெரிந்ததும் இது என்ன என்று கேட்டேன். "இதுல அயோடின் இல்லைம்மா, பயப்படாதீங்க" என்றார் ஊசி போட்டவர். முதல் முறை என்னைத் தடிக்க வைத்ததும் அதே சாயம் என்பது பழைய அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

விரலிடுக்குகளில் குத்திப் பத்து நிமிடம் இருக்கும். உள்ளங்கை அரித்தது, தொண்டை கம்மியது, வயிற்றில் நீலம் பாய்ந்த தடிப்புகள் எழுந்தன. பதற்றம் என்றார்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரில் எண் இறங்கியபோது, நீலச் சாயம் ரத்தத்தில் கலந்தால் கருவி குறைத்துத்தான் காட்டும் என்று தள்ளிவிட்டார்கள். அது உண்மைதான், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது கருவி அல்ல, நான். வீங்காத கையில், மருந்து செலுத்தச் சிரையில் பொருத்தும் கேனுலா என்னும் சிறு குழாய்கூடப் போட்டிருக்கவில்லை என்பதால், ரத்த அழுத்தம் சரிந்த பின் சிரை கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினார்கள். அலர்ஜி ஊசி ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வேறொரு மருத்துவர் ஓடிவந்து தொடையில் அட்ரினலின் போட்ட பிறகுதான் கண் தெளிந்தது. அனஃபிலாக்சிஸ் என்னும் உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின்தான். அதைக் கடைசியாகத் தேடினார்கள்.

நடந்தது ஒவ்வாமைதானா என்று உறுதிசெய்ய உதவும் ட்ரிப்டேஸ் பரிசோதனைக்கு, எதிர்வினை தொடங்கிய சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. ஆகவே சில வாரங்கள் பொறுத்து, ஒவ்வாமை நிபுணரிடம் தோல் பரிசோதனை செய்துகொண்டேன். பேடன்ட் புளூவுக்குத் தோல் தடித்தது. இண்டோசயனின் கிரீனுக்கு ஒன்றுமில்லை. பிறகு வேறோர் இடத்தில், கேனுலா போட்டு, அவசர மருந்துகளை அருகில் வைத்துக்கொண்டு இண்டோசயனின் கிரீனிலேயே படமெடுத்தார்கள்.

நீலச் சாயங்கள், அயோடின் கலந்த சிடி கான்ட்ராஸ்ட், எம்ஆர்ஐக்கான கேடோலினியம், இண்டோசயனின் கிரீன் ஆகியவை வெவ்வேறு மருந்துகள்; ஒன்று ஒத்துக்கொள்ளாததால் மற்றவையும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை, ஒன்றில் அயோடின் இல்லை என்பதாலேயே அது பாதுகாப்பு என்றும் இல்லை. முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் போதும் என்று யாரேனும் சொன்னால், அதை மீறியும் எதிர்வினை வரக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். மருந்தின் பெயரை ஊசிக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

எதிர்வினை நேர்ந்த அந்த இரண்டாவது மருத்துவமனை எனக்குத் தந்த தாளிலும் "கான்ட்ராஸ்ட் அலர்ஜி" என்றுதான் இருக்கிறது. சாயத்தின் பெயரைச் சேர்த்துத் திருத்தித் தரும்படி இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.