எக்ஸ்பிடி தரவை அலச எந்த மென்பொருள்?

மேற்பரப்பில் ஒட்டிய அணுக்கள் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர் ஒளி எலக்ட்ரான் விளிம்பு விளைவுத் (எக்ஸ்பிடி, XPD) தரவிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எம்எஸ்சிடி (MSCD), எம்எஸ்ஸ்பெக் (MsSpec), பிஎம்எஸ்கோ (PMSCO) என்ற மூன்று நிரல்களையும் ஓட்டிப் பார்த்து, பிஎம்எஸ்கோவில் நிலைத்துவிட்டேன்.

மூன்றுமே பலமுறைச் சிதறல் கணக்கை, அதாவது எலக்ட்ரான் பல அணுக்களில் மோதித் திரும்புவதை, நம்பியிருப்பவைதான். எம்எஸ்சிடி 1990-களின் நிரல். ரேர்-ஆல்பர்ஸ் என்ற சிதறல் தோராயத்தில் வேகமாக ஓடும். ஆனால் இன்றைய கணினியில் அதை நிறுவுவதற்கே பொறுமை வேண்டும். எம்எஸ்ஸ்பெக்கில் பைத்தானில் நாலு வரி எழுதினால் அணுத்திரள் (கணக்குக்கு எடுக்கும் அணுக்களின் தொகுதி) தயார். அதன் அணி (மேட்ரிக்ஸ்) நேர்மாறு முறை துல்லியமானது, ஆனால் நினைவகத்தை விழுங்கும். 1000 எலக்ட்ரான் வோல்ட்டில் எல்-உச்சம் (கணக்கில் சேர்க்கும் கோண உந்த எண்ணின் மேல்வரம்பு) 20 வரை போகும்; அப்போது ஓர் அணுவுக்கு 21 × 21 = 441 வரிசைகள். 500 அணுக்கள் என்றால் அணியின் பக்கம் 2,20,500. இரட்டைத் துல்லியக் கலப்பெண்களாக வைத்தால் அதற்கு மட்டும் ஏறத்தாழ 780 ஜிகாபைட் வேண்டும். அங்கே சிதறல்களை ஒவ்வொன்றாகக் கூட்டும் தொடர் விரிவாக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

பிஎம்எஸ்கோ தானாகச் சிதறலைக் கணக்கிடாது. அந்த வேலையை ஈடாக் (EDAC) என்ற வேறொரு நிரலிடம் விட்டுவிடும். பிஎம்எஸ்கோ அணுக்களின் அமைப்பைத் தேடும்: துகள் திரள், மரபியல் முறை போன்ற தேடல் முறைகளில் நூற்றுக்கணக்கான மாதிரிகளை இணையாக ஓட்டி, ஆர்-காரணியை (அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வேறுபாட்டின் அளவை) குறைக்கப் பார்க்கும். இது வசதி, சரி. என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: பின்னணி நீக்கம்.

ஆர்-காரணி ஒப்பிடுவது நேரடிச் செறிவை அல்ல, பின்னணியைக் கழித்து அதனாலேயே வகுத்த பண்பேற்றத்தை. துருவக்கோணம் (மேற்பரப்பின் செங்குத்திலிருந்து அளப்பது) 70 பாகையைத் தாண்டினால் அளந்த செறிவு சரிந்துகொண்டே போகும். நான் முதலில் பின்னணியாக, சோதனைத் தரவுக்குப் பல்லுறுப்புக் கோவையும், கணக்கிட்டதற்கு வெறும் சராசரியும் வைத்தேன். வரைபடத்தில் உச்சிகள் ஒன்றன் மேல் ஒன்று அழகாகப் பொருந்தின. ஆர்-காரணி மட்டும் இறங்க மறுத்தது. ஓரத்தில் மிஞ்சிய சரிவை ஈடுகட்டத் தேடல் அணுவின் உயரத்தை இழுத்துக்கொண்டே போயிற்று. இரண்டு வாரம் மாதிரியைத்தான் சந்தேகித்தேன்!

பிஎம்எஸ்கோவில் பண்பேற்றம் எப்படி என்று திட்டக் கோப்பில் ஒருமுறை எழுதினால் போதும். அளந்ததும் கணக்கிட்டதும் அதே லோயஸ் (LOESS) மென்மையாக்கம் வழியாகத்தான் போகும். மற்ற இரண்டிலும் இதை நாமே எழுதிச் சேர்க்கலாம், ஆனால் பாதி வழியில் ஒரு பக்கத்தை மாற்றிவிட்டு மறுபக்கத்தை மறப்பது மிக எளிது.

அணுத்திரள் ஆரத்தையும் எல்-உச்சத்தையும் கூட்டிக் கூட்டி, முடிவு அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது எதில் ஓட்டினாலும் நம் வேலைதான். அப்புறம், நான் ஓட்டியதெல்லாம் உயர் ஆற்றல் கோணத் தரவு. 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே எல்-உச்சம் சிறியது, அணியும் நினைவகத்தில் அடங்கும். அந்தத் தரவு கையில் வந்தால் எம்எஸ்ஸ்பெக்கைத்தான் முதலில் திறப்பேன்.