வில்லங்கச் சான்று எடுத்துத் தருவதாக 1,850 ரூபாய் பறித்த தளம் – வேலூர், குடியாத்தம் பக்கத்து ஆட்கள் படிக்கவும்

இன்று காலைதான் வங்கி வக்கீல் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். "இது ஈ.சி.யே இல்லைங்க." ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று, அதாவது ஒரு நிலத்தின் மேல் என்னென்ன கிரையம், அடமானம் பதிவாகியிருக்கிறது என்று பதிவுத்துறை தரும் தாள். 1,850 ரூபாய் போய்விட்டது. இந்த நேரத்தில் வேறு யாராவது அதே தளத்தில் சர்வே எண்ணைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் கையோடு எழுதுகிறேன்.

தேவைப்பட்டவை இரண்டு: குடியாத்தம் பக்கம் ஒரு நிலத்துக்கு 30 வருட வில்லங்கம், 1996 கிரையப் பத்திரத்தின் சான்றிட்ட நகல். பதிவுத்துறைத் தளம் அன்று சாயங்காலம் திறக்கவே இல்லை. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக இந்தத் தனியார் தளம் வந்தது. பெயர் போடவில்லை. பச்சைத் தலைப்பு, கோபுரப் படம், "அதிகாரப்பூர்வ ஆவணச் சேவை" என்று ஒரு வரி. இப்படி இருந்தால் அந்த மாதிரித் தளம்தான்.

நம்ப வைத்தது ஒரே இடம். மண்டலம் வேலூர் என்று போட்டதும் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம் எல்லாம் சரியான தமிழில் வரிசையாக இறங்கின. சர்வே எண் 112, உட்பிரிவு 3பி என்று கொடுத்ததும் "3 பதிவுகள் உள்ளன" என்று காட்டி, அதற்குக் கீழே மூன்று வரிகளை மங்கலாக்கி வைத்திருந்தான். ஆவண எண்ணும் வருடமும் இருக்கும் கட்டம் அரைகுறையாகத் தெரிந்தது. யாராக இருந்தாலும் அங்கே பணம் கட்டிவிடுவார்கள். முதலில் 199. பிறகு நகலுக்கு 650. பிறகு "24 மணி நேரத்தில் வேண்டுமானால்" 1,001. மொத்தம் 1,850. மூன்று தடவையும் பணம் போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. அதைப் பார்த்த நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்று மத்தியானம் அதே பக்கத்தில் 99999 என்று இல்லாத சர்வே எண்ணைப் போட்டேன். அதற்கும் "3 பதிவுகள்"! அதே மூன்று மங்கல் வரிகள்.

மூன்றாம் நாள் வந்த பிடிஎஃப், பதிவுத்துறைத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கிற அதே வில்லங்கத் தாள்தான். மேலே சிவப்பு முத்திரைப் படம் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். க்யூஆர் இல்லை, கையொப்பம் இல்லை. தேடிய காலம் 2010 முதல். சர்வே எண் 112/3. அதாவது பாகப்பிரிவினைக்கு முந்தைய பழைய உட்பிரிவு. 3ஏ, 3பி என்று பிரிந்த பிறகு நடந்த பதிவுகள் பழைய எண்ணில் எப்படி வரும்? 1996 கிரையம் அந்தக் காலத்துக்குள்ளேயே வராது. முடிவு: "வில்லங்கம் ஏதுமில்லை". 1,850 ரூபாயை விட இதுதான் எனக்குப் பதறுகிறது. இந்தத் தாளை நம்பி ஒருவர் அட்வான்ஸ் கொடுத்தால், அடமானத்தில் கிடக்கும் நிலத்தை வாங்கிவிடுவார். பத்திர நகல் வரவே இல்லை.

கேட்டதற்கு வந்த பதில்கள், வரிசையாக: "சர்வர் டவுன் சார்." "டிபார்ட்மென்ட்ல பெண்டிங் சார்." "நீங்க கட்டினது சர்வீஸ் சார்ஜ், கவர்ன்மென்ட் ஃபீஸ் தனி." கடைசியாக, பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும் "இது அரசுத் தளம் அல்ல" என்ற வரியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். 1,850 ரூபாய்க்குக் கடைசிப் பதில் அந்தப் படம்தான்.

இன்னொன்று. அந்தத் தளத்தில் "யாருடைய உயில் நகலும் கிடைக்கும்" என்று ஒரு பட்டன் இருக்கிறது. 1908 பதிவுச் சட்டம் 57-ஆவது பிரிவின்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பதிவு செய்த உயிலின் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் கிடைக்காது. இதை விற்கிறவன் எதையும் விற்பான்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவ்வளவு:

முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் இருக்கும் தளப் பெயர் .gov.in என்று முடிகிறதா பாருங்கள், அதாவது "டாட் ஜிஓவி டாட் ஐஎன்". பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் பார்வையிடக் காசு கிடையாது. சர்வே எண்ணையும் உட்பிரிவையும் போட்டபின் "சேர்க்க" அழுத்த மறக்காதீர்கள். பழைய உட்பிரிவு, புது உட்பிரிவு இரண்டையும் சேருங்கள். பழைய பத்திரத்தில் "வட ஆற்காடு ஜில்லா" என்றிருக்கும். 1989-லும் 2019-லும் மாவட்டம் பிரிந்ததால், இன்றைய மாவட்டப் பெயரை வைத்து அலுவலகத்தை ஊகிக்காமல் பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் இருக்கும் அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள்.

யார் எடுத்துக் கொடுத்த ஈ.சி.யானாலும் முதலில் தேடிய காலம், சர்வே எண் இரண்டையும் படியுங்கள், "ஏதுமில்லை" என்பதை அப்புறம் பாருங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். யூபிஐ ரசீதில் இருக்கும் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை கட்டியிருந்தால் மூன்று எண்ணும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 199, 650, 1,001 மூன்றுக்கும் கொடுத்தாயிற்று.