7,21,47,030-ஐ எப்படிச் சுருக்குவது? கையெழுத்து நிரல், இன்ட்டில், லைப்ரரி: ஓர் ஒப்பீடு

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. இதை அப்படியே ஒரு டாஷ்போர்டு கார்டில் போட்டால் இடமும் போதாது, பார்ப்பவர் மனதிலும் நிற்காது. "7.21 கோடி" என்றால் ஒரே பார்வையில் பிடிபடும். "72எம்" (72 மில்லியன்) என்று போட்டாலும் சிலருக்குப் புரியும். இந்தச் சுருக்க வேலையை நிரலில் செய்ய நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாமே பத்து நிமிட வேலை போலத்தான் தோன்றும். ஆனால் ஒரே எண்ணைக் கொடுத்தாலும் ஆளுக்கொரு விடை தருகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். ஜாவாவும் பைத்தானும் நடுவில் வரும்.

கையால் எழுதும் இஃப்-எல்ஸ்

முதலில் எல்லோரும் எழுதுவது இதுதான். ஆயிரத்துக்குக் கீழே என்றால் எண்ணை அப்படியே காட்டு. பத்து லட்சத்துக்குக் கீழே என்றால் ஆயிரத்தால் வகுத்து, டூஃபிக்ஸ்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன் மூலம் ஒரு தசம இடம் வைத்து, கடைசியில் ஆயிரத்தைக் குறிக்கும் "கே" சேர். அதற்கு மேல் "எம்". எட்டு வரியில் முடிந்துவிடும். எந்த லைப்ரரியும் வேண்டாம், படிப்பவருக்கும் தெளிவு. இதன் பெரிய பலம் அதுவே.

சிக்கல் ஓரங்களில் இருக்கிறது. 9,99,999-ஐக் கொடுத்துப் பாருங்கள். பத்து லட்சத்துக்குக் கீழே என்பதால் "கே" கிளைக்குப் போகும், 999.999 ஆகும், டூஃபிக்ஸ்ட் அதை முழுமையாக்கி "1000.0கே" என்று காட்டும். வர வேண்டியது "1எம்". எந்த அலகு என்று முடிவு செய்தபிறகு ரவுண்டிங் (முழுமையாக்கல்) நடப்பதுதான் காரணம், வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சரியாக 1,000 கொடுத்தால் "1.0கே" என்று தேவையில்லாத பூஜ்ஜியம் வரும். -1,500 கொடுத்தால் அது ஆயிரத்தைவிடச் சின்னது என்பதால் சுருங்காமலே வெளியே வரும். நஷ்டக் கணக்கு காட்டும் பக்கத்தில் இது உடனே கண்ணில் படும்.

இவற்றைவிட நுட்பமான ஒன்று 1,450. வகுத்தால் 1.45. ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 1.5 என்றுதான் பள்ளிக் கணக்கு சொல்லும். டூஃபிக்ஸ்ட் தருவது 1.4. ஏனென்றால் 1.45 என்ற எண்ணை இரும வடிவில் துல்லியமாக வைக்க முடியாது, கணினிக்குள் இருப்பது 1.45-ஐவிட மயிரிழை குறைவான ஒரு மதிப்பு. 1,550 கொடுத்தால் உள்ளே இருப்பது மயிரிழை கூடுதல், அதனால் 1.6 சரியாக வரும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும் ஒரு அட்டவணையில் பயனர் கேள்வி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இஃப்-எல்ஸ் வேண்டாம் என்று மடக்கை (லாகரிதம்) பக்கம் போகிறவர்களும் உண்டு. எண்ணின் 10 அடிமான மடக்கையை மூன்றால் வகுத்து, கீழ்முழு எண்ணை எடுத்து, எழுத்துகள் உள்ள ஒரு பட்டியலில் அந்த இடத்தைப் பார்ப்பது. அழகான யோசனை. ஆனால் இயல்பு மடக்கையை 10-இன் மடக்கையால் வகுத்தால் 1,000-க்கு 3 வராது, 2.9999999999999996 வரும். கீழ்முழு எண் எடுத்ததும் ஆயிரம் "கே" இல்லாமல் நிற்கும். லாக்10 ஃபங்ஷனை நேரடியாகப் பயன்படுத்தினால் இது தப்பும். பூஜ்ஜியத்தையும் மைனஸ் எண்களையும் தனியே கவனிக்க வேண்டும். என் பார்வையில் இஃப்-எல்ஸை விட இது எந்த விதத்திலும் மேல் இல்லை.

இன்ட்டில் நம்பர்ஃபார்மேட்

எண்களை அந்தந்த மொழியின் வழக்கப்படி எழுதித் தரும் இந்தக் கருவி ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ளடங்கி வருகிறது. நொட்டேஷன் என்ற ஆப்ஷனுக்கு "காம்பாக்ட்" என்று கொடுத்தால் போதும். குரோமில் 2019-லிருந்தும், ஃபயர்ஃபாக்ஸில் 2020-லிருந்தும், சஃபாரியில் 2021-லிருந்தும் கிடைக்கிறது. மேலே சொன்ன ஓரச் சிக்கல்கள் எல்லாம் இதில் தீர்ந்துவிட்டன. ஆங்கிலத்தில் 9,99,999 "1எம்" ஆகும், 1,450 "1.5கே" ஆகும், 1,000 வெறும் "1கே" ஆகும், மைனஸ் எண்ணும் ஒழுங்காகச் சுருங்கும். சின்ன எண்ணுக்கு இரண்டு இலக்கம் காட்டி, பெரிதாக ஆக தசமத்தைத் தானே விட்டுவிடும்: 1,234 என்றால் 1.2கே, 12,345 என்றால் 12கே. தசமம் கண்டிப்பாக வேண்டுமென்றால் அதிகபட்சத் தசம இடங்களை நாம் சொல்லலாம்.

இதன் உண்மையான பலம் மொழிகளில் தெரியும். ஜெர்மனில் ஆயிரத்தைச் சுருக்கும் வழக்கமே இல்லை, அதனால் 1,234 அப்படியே நிற்கும், மில்லியனில்தான் சுருக்கம் தொடங்கும். ஸ்பானிஷில் நூறு கோடியை ஆயிரம் மில்லியன் என்று காட்டும். ஜப்பானியருக்கு அலகு பத்தாயிரத்தில் மாறும். இதையெல்லாம் கையால் எழுதி முடிக்கவே முடியாது. இந்தத் தகவல் எல்லாம் யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பிலிருந்து வருகிறது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, எண்ணைச் சுருக்கித் தரும் ஃபார்மேட்டரை உருவாக்குவது செலவான வேலை. ஆயிரம் வரிசை உள்ள அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக உருவாக்காமல், ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று, தரவு பதிப்புக்குப் பதிப்பு மாறும். இந்திய ஆங்கிலத்தில் முன்பெல்லாம் ஆயிரத்துக்கு "டி" வந்துகொண்டிருந்தது, பிறகு "கே" ஆனது. சர்வரில் ஒரு நோட் (அங்கே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் மென்பொருள்) பதிப்பும் பயனரிடம் வேறு பிரவுசரும் இருந்தால் ஒரே எண் இரண்டு விதமாக வரலாம். நோட் 13-க்கு முந்தைய பதிப்புகளில் ஆங்கிலத் தரவு மட்டுமே இயல்பாக இருந்தது என்பதையும், பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் மனதில் வைக்கலாம்.

லைப்ரரிகள்

நியூமரல் லைப்ரரி ஒரு காலத்தில் எல்லோரும் எடுத்தது. 2017-க்குப் பிறகு புது வெளியீடு வரவில்லை. இன்ட்டில் இருக்கும்போது புதிய திட்டத்தில் இதைச் சேர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

வரைபடங்கள் வரையும் லைப்ரரியான டி3 வேறு விதம். அதன் சுருக்கம் அறிவியல் அலகு முறையில் வரும், அதனால் நூற்றைம்பது கோடி "1.5ஜி" (ஜி என்றால் கிகா) ஆகும். வாட், ஹெர்ட்ஸ் போன்றவற்றுக்கு அது மிகச் சரி. வருமானத்தையோ மக்கள்தொகையையோ அப்படிக் காட்டினால் யாருக்கும் புரியாது. வரைபடத்தின் அச்சில் பணம் இருந்தால் டி3-க்குள்ளேயே இன்ட்டில் ஃபார்மேட்டரைக் கொடுத்துவிடுங்கள்.

ஜாவா 12-இல் காம்பாக்ட்நம்பர்ஃபார்மேட் வந்தது. இயல்பாகத் தசம இடம் பூஜ்ஜியம், சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாயும். விளைவு: 1,500-உம் "2கே", 2,500-உம் "2கே". இரண்டையும் ஒரே திரையில் பார்த்தால் தலை சுற்றும். தசம இடத்தையும் ரவுண்டிங் முறையையும் நாமே அமைத்தால்தான் பயன்படும். பைத்தானின் பேபல் லைப்ரரியிலும் இதே சாய்வு உண்டு: 12,345-ஐ இரண்டு தசமத்தோடு கேட்டால் 12.34கே.

எந்தப் பக்கம் சாய்ப்பது

எழுத்து, அலகு எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இது என்று நினைக்கிறேன். யூடியூப் 2019-லிருந்து சந்தாதாரர் எண்ணிக்கையைச் சுருக்கிக் காட்டுகிறது, எப்போதும் கீழ்நோக்கி. 9,99,600 பேர் இருந்தால் 999கே என்றுதான் வரும். இன்ட்டிலை இயல்பு நிலையில் விட்டால் அதே எண்ணுக்கு "1எம்" காட்டும். பத்து லட்சத்தைத் தொடாதவரைத் தொட்டுவிட்டார் என்று சொல்வதாக ஆகிவிடும். மறுபக்கம், லினக்ஸில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கோப்பின் அளவைச் சுருக்கும்போது மேல்நோக்கிச் சாய்க்கிறது. வட்டில் இடம் போதுமா என்று பார்ப்பவருக்குக் குறைத்துச் சொல்லக்கூடாது இல்லையா? இரண்டுமே சரி. எண் எதற்காகக் காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சாய்வை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ட்டிலில் ரவுண்டிங்மோட் ஆப்ஷனுக்கு "ட்ரங்க்" கொடுத்தால் கீழ்நோக்கி வெட்டும், இப்போதைய பிரவுசர்களில் வேலை செய்கிறது.

தமிழில் காட்ட வேண்டுமானால்

இங்கேதான் இன்ட்டில் நம்மைக் கைவிடுகிறது. தமிழ் லொக்கேல் (மொழி, நாட்டுக்கான அமைப்பு) கொடுத்து சாதாரணமாக ஃபார்மேட் செய்தால் காற்புள்ளிகள் 7,21,47,030 என்று நம் வழக்கப்படி சரியாக விழுகின்றன. அதே லொக்கேலில் காம்பாக்ட் கேட்டால் நான் பார்த்த பதிப்புகளில் "72மி" வருகிறது. ஆயிரத்துக்கு "ஆ", மில்லியனுக்கு "மி", பில்லியனுக்கு "பி", டிரில்லியனுக்கு "டி". 2024-25 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 48.21 லட்சம் கோடி ரூபாய். அது "48டி" என்று வந்தால் மதுரையிலோ கோவையிலோ யார் படிப்பார்கள்? சிங்கப்பூர், மலேசியத் தமிழருக்கு மில்லியன் பழக்கம், அவர்களுக்கு இந்தத் தரவு பொருந்தும். இந்தி லொக்கேலிலும் இந்திய ஆங்கிலத்திலும் லட்சமும் கோடியும் வருகின்றன. 7,21,47,030-ஐ இந்திய ஆங்கிலத்தில் இரண்டு தசமத்தோடு கேட்டால் 7.21 என்ற எண்ணும் கோடிக்கான ஆங்கிலச் சுருக்கமும் கிடைக்கும். அந்தச் சுருக்கத்தை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை ஒட்ட வைக்கும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். "டி" "கே" ஆனதுபோல நாளை எது மாறும் என்று யார் கண்டார்?

ஆகவே இந்தியத் தமிழ் வாசகருக்கு மட்டும் கையால் எழுதுவதே என் தேர்வு, ஆனால் டூஃபிக்ஸ்ட் இல்லாமல், முழு எண்ணிலேயே. லட்சத்தில் ஒரு தசமம் வேண்டுமா? பத்தாயிரத்தால் வகுத்து மீதியை விடுங்கள். 12,34,567 என்றால் 123 கிடைக்கும். கடைசி இலக்கத்துக்கு முன் புள்ளி வைத்தால் 12.3 லட்சம். புள்ளிக்குப் பின் பூஜ்ஜியம் வந்தால் அதை விட்டுவிடுங்கள். இப்படிக் கீழ்நோக்கி வெட்டும்போது 99,99,999 என்பது 99.9 லட்சத்தில் நிற்கும், "100.0 லட்சம்" ஒருபோதும் வராது. அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்க வேண்டுமென்றால் வகுப்பதற்கு முன் ஐயாயிரம் கூட்டுங்கள். அப்போது விடை 1000 ஆனால் அலகைக் கோடிக்கு ஏற்ற வேண்டும். நம் முறையில் ஆயிரமும் லட்சமும் நூறிலேயே அடுத்த அலகுக்கு மாறிவிடுகின்றன, ஆங்கிலம்போல ஆயிரத்தில் இல்லை. ஆங்கில நிரலை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். கோடிக்கு மேலே புது அலகு வேண்டாம். லட்சம் கோடியைத் தாண்டினால் கோடிகளின் எண்ணிக்கையை எடுத்து அதே ஃபங்ஷனுக்கு மறுபடி கொடுத்து, பின்னால் "கோடி" சேர்த்தால் போதும்.

மற்ற மொழிகளுக்கு இன்ட்டிலே இருக்கட்டும். லொக்கேல் இந்தியத் தமிழ் என்றால் மட்டும் நம் ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடுங்கள். வங்கி இருப்பு, பில் தொகை போன்றவற்றில் சுருக்கமே வேண்டாம். மற்ற இடங்களில் முழு எண்ணை, மவுஸை மேலே வைத்தால் தெரியும் டைட்டிலிலும் ஸ்கிரீன் ரீடருக்கான லேபிளிலும் வையுங்கள். டெஸ்ட் எழுதும்போது 0, 999, 1,000, 99,999, 1,00,000, 99,99,999, 1,00,00,000, ஒரு மைனஸ் எண், லட்சம் கோடிக்கு இருபுறமும் ஒவ்வொன்று என்று கொடுத்தால் ஓரங்கள் எல்லாம் பிடிபட்டுவிடும்.